முதல் செய்தியிலிருந்து படியுங்கள்

குழந்தையிடம் தப்பான எண்ணத்தோடு பழகுகிறவன் எடுத்த எடுப்பிலேயே ஆபாசமாகப் பேசுவான் என்று பெற்றோர் பலர் நம்புகிறார்கள். என் மேசைக்கு ஆய்வுக்கு வரும் சாட் பதிவுகளில் பெரும்பாலானவை அன்பாகவே தொடங்குகின்றன. 'சாப்பிட்டியா?', 'பரீட்சை எப்படி எழுதின?', 'அம்மா திட்டினாங்களா? விடு, நான் இருக்கேன்ல.' இந்த வரிகளில் எதை வடிகட்டி நிறுத்திவிட முடியும்?

அதனால் தனி வார்த்தைகளை விட்டுவிட்டுப் பேச்சின் போக்கைப் பார்க்கிறோம். கேள்வி எல்லாம் யாரிடமிருந்து வருகிறது, பாராட்டு எப்போது கூடுகிறது, 'நான்', 'நீ' என்று இருந்தது எந்த நாளில் 'நாம' ஆனது. நடுவில் ஒரு கேள்வி சாதாரணமாக வந்து விழும்: 'பக்கத்துல யாராவது இருக்காங்களா? உன் போனை வேற யாரும் பார்ப்பாங்களா?' அந்த வரி வந்ததும் நான் படிப்பதை நிறுத்திவிட்டு, மறுபடி மேலே போய் முதலிலிருந்து பார்ப்பேன். ஆய்வாளர் ரேச்சல் ஓ'கானல் 2003-லேயே இதை, மாட்டிக்கொள்ளும் ஆபத்தை எடைபோடும் கட்டம் என்று தனியாகப் பிரித்துக் காட்டினார். அப்புறம் 'நமக்குள்ள இருக்கட்டும்' வரும். வேறு செயலிக்கு வரச்சொல்லி அழைப்பும் வரும்.

2009-இல் வந்த ஃபோட்டோடிஎன்ஏ என்ற மென்பொருள், ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட படம் மறுபடி பரவினால் கண்டுபிடிக்கும். அருமையான கருவிதான், ஆனால் அதற்குள் ஒரு குழந்தைக்குக் கொடுமை நடந்து முடிந்திருக்கும். படம் கேட்கப்படுவதற்கு முன்பே எச்சரிக்க வாய்ப்பிருப்பது உரையாடலில்தான். 2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த ஆர்ட்டெமிஸ் திட்டம் அதைத்தான் முயன்றது: உரையாடலுக்கு மதிப்பெண் போட்டு, சந்தேகமானதை மனிதப் பார்வைக்கு அனுப்புவது. அந்த மனிதப் பார்வை கட்டாயம் வேண்டும். அக்கறையுள்ள ஒரு டீச்சரும் 'சாப்பிட்டியா' என்று கேட்பார் இல்லையா?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இப்படிப்பட்டவர்களை உரையாடலிலிருந்து கணினி கண்டுபிடிக்கும்படி 2012-இல் நடந்த பான் (PAN) ஆய்வுப் போட்டி முதல் இத்துறையில் அதிகம் பயன்பட்ட உரையாடல்களில், குழந்தையாகப் பேசியவர்கள் உண்மையில் குழந்தை வேடமிட்ட பெரியவர்கள். அதில் கற்ற நிரலுக்கு, நிஜக் குழந்தையின் தயக்கமும் ஒற்றை எழுத்துப் பதிலும் எப்படிப் பிடிபடும்?

சரி, வீட்டில் இப்படி ஒன்று தெரியவந்தால் குழந்தையைத் திட்டாதீர்கள். கோபத்தில் சாட் பதிவை அழித்துவிடாதீர்கள். அந்தரங்கப் படம் இருந்தால் யாருக்கும் அனுப்பாமல், போனை அப்படியே போலீஸிடம் கொடுங்கள். பலர் அசிங்கமான கடைசி வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வருகிறார்கள். எங்களுக்கு அந்த முதல் 'சாப்பிட்டியா'வும் வேண்டும்.