எட்டு செக்கனுக்குப் பிறகு கோர்ணர்: உதைபந்தாட்டத்தில் மாறிய விதிகளும் எங்கள் கிராமத்து மைதானங்களும்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கிராமத்துச் சுற்றுப்போட்டி ஒன்றில் வாக்குவாதம் முற்றுகிறதென்றால், பெரும்பாலும் இரண்டு பக்கமும் விதியைத்தான் சொல்லிக்கொண்டு நிற்கும். ஒருவர் 2018இல் இருந்த விதியைச் சொல்வார், மற்றவர் இப்போதைய விதியை. நடுவர் மூன்றாவதாக ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு ஆட்டம் பொழுதுபட்டும் முடியாது.

‘பீபா விதி’ என்று நாங்கள் பேச்சில் சொன்னாலும், விதியை எழுதுவதும் மாற்றுவதும் 1886இல் உருவான இஃபாப் என்னும் சபை. அதில் பீபாவுக்கு நான்கு வாக்கு. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து சங்கங்களுக்குத் தலா ஒன்று. எட்டில் ஆறு வாக்கு கிடைத்தால்தான் மாற்றம் நிறைவேறும். புதிய விதி வழமையாக யூலை 1 முதல் நடைமுறைக்கு வரும். விதிநூலில் மாற்றங்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பழைய வாசகம், புதிய வாசகம், ஏன் மாற்றினார்கள் என்ற விளக்கம் எல்லாம் அதில் உண்டு. முழு நூலையும் படிக்க நேரமில்லாத நடுவரும் பயிற்றுவிப்பாளரும் அந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிட்டு மைதானத்துக்கு வரவேண்டும். தொலைக்காட்சி வர்ணனையைக் கேட்டு விதி படிப்பதால்தான் பாதிச் சிக்கல்.

2025 யூலையில் வந்ததில் பெரிய மாற்றம் கோல்காப்பாளருக்கானது. முன்பு 6 செக்கனுக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு மறைமுக பிறீகிக், அதாவது இன்னொருவர் தொட்ட பிறகே கோலாகக்கூடிய உதை. தண்டனை கடுமையாகத் தெரிந்ததால் நடுவர்கள் கண்டும் காணாமல் விட்டார்கள். இப்போது அவகாசம் 8 செக்கன், தாண்டினால் எதிரணிக்குக் கோர்ணர். கோல்காப்பாளர் நின்ற இடத்துக்கு எந்தப் பக்க மூலைக்கொடி கிட்டவோ அந்தப் பக்கத்திலிருந்து உதைக்க வேண்டும்.

கணக்கு எப்போது தொடங்குகிறது என்பதில்தான் சண்டை வருகிறது. பந்தைப் பிடித்த கணத்தில் எண்ணத் தொடங்குவதில்லை. பந்து கோல்காப்பாளரின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், அவர் பந்தை விடுவதை எதிரணி ஆட்டக்காரர் மறித்துக்கொண்டு நிற்கவும் கூடாது. பாய்ந்து விழுந்தவர் மேல் இன்னொருவர் கிடந்தால் கணக்கு இன்னும் தொடங்கவில்லை. அதற்காக, மறிப்பாரில்லாமல் பந்தின் மேல் படுத்துக் கிடப்பவருக்குச் சலுகை இல்லை; பந்து கைக்கும் நிலத்துக்கும் நடுவில் அகப்பட்டிருந்தாலும் அது கட்டுப்பாடுதான். நடுவர் முதல் 3 செக்கனை மனதுக்குள் எண்ணி, கடைசி 5 செக்கனைக் கையை உயர்த்தி விரல்களால் இறங்குமுகமாகக் காட்டுவார். அந்தக் கை உயர்ந்ததும் பந்தை விட்டுவிடக் கோல்காப்பாளரைப் பழக்குங்கள். சோளகம் வீசும் மாதங்களில் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் கோல்காப்பாளர், காற்று கொஞ்சம் தணியட்டும் என்று பந்தை அணைத்துக்கொண்டு நிற்பது இங்கே வழக்கம். இனி அப்படி நின்றால், அந்தக் காற்றே கோர்ணர் பந்தைக் கோலுக்குள் வளைத்துக்கொண்டு வரும். கோலுக்குப் பின்னால் நிற்கும் சனம் சத்தமாக எண்ணும் எட்டு, நடுவரின் ஐந்துக்கு முன்பே முடிந்துவிடும். அதை யாரும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அடுத்தது பெனால்ரி. 2025 மார்ச்சில் சம்பியன்ஸ் லீக்கில் ரியல் மட்ரிட்டுக்கு எதிரான பெனால்ரிச் சுற்றில் அத்லெற்றிக்கோ மட்ரிட்டின் யூலியன் அல்வாரெஸ் வழுக்கி, பந்து அவரது இரண்டு காலிலும் பட்டு உள்ளே போனது. கோல் செல்லாது என்றார்கள். அதன் பிறகு இஃபாப் தெளிவுபடுத்தியது: தற்செயலாக இரண்டு காலும் பட்டு கோலானால், மீண்டும் உதைக்க வேண்டும். கோலாகாவிட்டால், ஆட்ட நேரத்தில் எதிரணிக்கு மறைமுக பிறீகிக், பெனால்ரிச் சுற்றில் தவறிய உதை. வேண்டுமென்றே இரண்டு தரம் தொட்டால் மறு உதை கிடையாது. எங்கள் மைதானங்களுக்கு இது மிகவும் பொருந்தும். காய்ந்த மண்ணில் பல ஆட்டம் நடந்த பிறகு பெனால்ரிப் புள்ளியைச் சுற்றி நிலம் பொடியாகிக் குழி விழுந்திருக்கும். ஊன்றும் கால் முன்னுக்குச் சறுக்கும். உதைத்த பந்து அந்தக் காலிலேயே பட்டுத் தெறிக்கும். ஆட்டத்துக்கு முன் அந்த இடத்தில் தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்கிவிட்டு, கோல் கோட்டிலிருந்து 11 மீற்றரை நாடா வைத்து அளந்து சுண்ணாம்புப் புள்ளியைப் புதிதாகப் போடுங்கள். குழிக்குப் பயந்து பந்தை ஓரமாக வைக்க விடவும் கூடாது. பந்தின் ஒரு பகுதியாவது புள்ளியின் நடுவில் பட்டிருக்க வேண்டும், அல்லது நடுவுக்கு மேலே கவிந்திருக்க வேண்டும்.

மாடோ நாயோ உள்ளே வந்து பந்தில் பட்டால் ஆட்டம் நிற்கும். இரண்டு அணியிலும் ஒவ்வொருவரை எதிரெதிரே நிறுத்திப் பந்தைப் போடும் பழக்கம் 2019உடன் போய்விட்டது. இப்போது ஓர் அணியின் ஒருவருக்கு மட்டுமே போடவேண்டும், மற்ற எல்லாரும் 4 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். நிறுத்தும்போது பந்து பெனால்ரிப் பரப்புக்குள் இருந்தால் அந்தப் பக்கக் கோல்காப்பாளருக்கு. வெளியே என்றால், பழைய விதிப்படி கடைசியாகத் தொட்ட அணிக்கு. 2025 முதல், பந்து யாரிடம் இருந்ததோ, மாடு வராவிட்டால் யாரிடம் போயிருக்குமோ, அந்த அணிக்கு. நடுவருக்கு அது தெளிவில்லை என்றால் பழையபடி கடைசியாகத் தொட்டவருக்கு.

கோட்டோரம் உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரர், வெளியே போய்க்கொண்டிருக்கும் பந்தை அவசரத்தில் கோட்டுக்கு உள்ளேயே எடுத்துவிடுவதும் இங்கே அடிக்கடி நடப்பது. தடுக்கும் எண்ணமில்லை என்றால் மறைமுக பிறீகிக் மட்டும், அட்டை வேண்டாம்.

கையில் படும் பந்தைப் பற்றி நிறையப் பேசலாம். சுருக்கமாக, அக்குளின் அடிமட்டத்துக்கு மேலே உள்ள பகுதி கை அல்ல. கோலடித்தவரின் கையில் தற்செயலாகப் பட்டு நேரே கோலானாலோ, பட்ட உடனே அவரே கோலடித்தாலோ அது செல்லாது. சக ஆட்டக்காரரின் கையில் தற்செயலாகப் பட்டு வந்த பந்தில் அடித்த கோல் 2021 முதல் செல்லும். இதற்கு இன்னமும் கை உயர்த்தும் உதவி நடுவர்கள் இருக்கிறார்கள்.

சுற்றுப்போட்டி நடத்தும் கழகங்களுக்கு ஒன்று. துண்டுப்பிரசுரத்தில் ‘ஏனையவை பீபா விதிப்படி’ என்று ஒரு வரி போட்டுவிட்டு விடாதீர்கள். எந்த ஆண்டின் விதிநூல் என்று எழுதுங்கள். முதல் ஆட்டத்துக்கு முன் அணித்தலைவர்களையும் நடுவர்களையும் பத்து நிமிடம் கூட்டி மேலே சொன்னவற்றை வாசித்துக் காட்டுங்கள். ஏழுபேர் ஆட்டமென்றால் ஓப்சைட் உண்டா, வெளியேறியவர் திரும்ப வரலாமா, பாதிக்கு எத்தனை நிமிடம் என்பதையும் நீங்களே எழுதவேண்டும். முக்கியமாக, ஆகக் குறைந்தது எத்தனை பேருடன் ஆட்டம் தொடரலாம் என்பதை எழுதுங்கள். விதிநூலின்படி ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடர முடியாது. அது பதினொருவர் ஆட்டத்துக்கு எழுதியது. ஏழுபேர் ஆட்டத்தில் அதை அப்படியே பிடித்தால், முதல் சிவப்பு அட்டையோடு ஆட்டத்தையே நிறுத்தவேண்டி வரும்.