பத்துக் கட்டங்களும் பதினைந்து தலைமுறைகளும்

கட்டம் போட்ட தாளில் அடுத்தடுத்து மூன்று கட்டங்களுக்கு மை தீட்டுங்கள். மை தீட்டியவை உயிருள்ளவை, மற்றவை உயிரற்றவை. ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றி எட்டுக் கட்டங்கள் உள்ளன. அவற்றுள் இரண்டோ மூன்றோ உயிருடன் இருந்தால் மட்டுமே உயிருள்ள கட்டம் அடுத்த தலைமுறையிலும் பிழைத்திருக்கும்; சரியாக மூன்று உயிருடன் இருந்தால் உயிரற்ற கட்டம் உயிர்பெறும். கணிதவியலாளர் ஜான் கான்வே உருவாக்கி, 1970-இல் வெளியுலகுக்குத் தெரியவந்த ‘லைஃப்’ என்னும் செல்லுலார் ஆட்டோமேட்டனின், அதாவது விதிப்படி கட்டங்கள் தலைமுறை தலைமுறையாக மாறும் அமைப்பின், விதிகள் இவ்வளவுதான்.

நாம் தீட்டிய மூன்றில் ஓரக் கட்டங்கள் இரண்டுக்கும் உயிருள்ள துணை ஒன்றே என்பதால் அவை மடிகின்றன, நடுக்கட்டம் பிழைக்கிறது, அதற்கு நேர் மேலும் கீழும் உள்ள கட்டங்கள் மூன்று துணைகளைப் பெற்றுப் பிறக்கின்றன. கிடைக்கோடு செங்குத்துக் கோடாகி, அடுத்த தலைமுறையில் மீண்டும் கிடைக்கோடாகிறது. ‘பிளிங்கர்’ எனப்படும் இவ்வடிவத்தின் சுழற்சிக் காலம் 2.

கோட்டைச் சற்று நீட்டினால் என்ன ஆகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது என்பதே இதில் என்னை மிகவும் ஈர்ப்பது. நான்கு கட்டங்கள் அசையாத ஓர் அறுகோண வடிவமாக உறைகின்றன. ஐந்து கட்டங்கள் நான்கு பிளிங்கர்களாகப் பிரிகின்றன. ஆறு கட்டங்கள் தடமின்றி அழிகின்றன. பத்துக் கட்டங்களோ, 15 தலைமுறைகளுக்கு ஒருமுறை தன் வடிவுக்கே திரும்பும் ‘பென்டாடெகாத்லான்’ ஆகின்றன. விதியில் எங்குமே 15 என்ற எண் இல்லை!

தாள் எல்லையுள்ளதாக இருந்தால் கட்டங்களின் நிலைகளும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஆகவே என்றாவது ஒரு நிலை மீண்டும் வந்தே தீரும், வந்தபின் அதே சுழற்சி தொடரும். எல்லையற்ற தாளில் இந்த உறுதி இல்லை. 1970-இல் கணிதவியலாளர் பில் காஸ்பர் குழுவினர் கண்டறிந்த ‘துப்பாக்கி’ என்னும் வடிவம் 30 தலைமுறைக்கு ஒருமுறை தன் நிலைக்குத் திரும்பினாலும், ஒவ்வொரு முறையும் ஒரு ‘கிளைடரை’ வெளியே அனுப்புவதால், தாள் முழுவதையும் நோக்கினால் எந்த நிலையும் திரும்ப வருவதில்லை. கிளைடர் என்பது நான்கு தலைமுறைகளில் தன் வடிவை மீட்டு, அதற்குள் மூலைவாட்டில் ஒரு கட்டம் நகர்ந்துவிடும் ஐந்து கட்டங்களின் கூட்டம்.

அப்படியானால், எந்த எண்ணைச் சொன்னாலும் அதையே சுழற்சிக் காலமாகக் கொண்ட வடிவம் கிடைக்குமா? பெரிய எண்களுக்கு 2013-இல் வழி பிறந்தது. கிளைடரைச் செங்கோணத்தில் திருப்பிவிட்டுத் தானும் பழைய நிலைக்கு வந்துவிடும் ‘ஸ்நார்க்’ என்னும் அமைப்பை நான்கு மூலைகளில் வைத்தால், கிளைடர்கள் மூடிய பாதையில் ஓயாமல் சுற்றும்; அவற்றுக்கிடையே 43 தலைமுறை இடைவெளியாவது இருந்தால் போதும். எனவே பாதையின் நீளத்தையும் கிளைடர்களின் எண்ணிக்கையையும் பொருத்தமாக அமைத்து 43-ஐயும் அதற்கு மேற்பட்ட எந்தக் காலத்தையும் பெறலாம். சிறிய எண்களுக்கு இவ்வுத்தி உதவாது. அவற்றைத் தனித்தனியே தேட வேண்டியிருந்தது. கடைசிவரை பிடிகொடுக்காமல் நின்ற 19, 41 ஆகிய இரண்டும் 2023-இல், அதாவது ‘லைஃப்’ வெளிவந்து 53 ஆண்டுகளுக்குப் பிறகே அகப்பட்டன.