இன்னொரு பேட் வேண்டாம், சேணத்தைப் பாருங்கள்

"சேணம் போடப் போனாலே கடிக்க வருகிறது டாக்டர். வயிற்றுப் பட்டையை இழுத்தால் காதை மடக்கிக்கொள்கிறது. கேன்டருக்கு, அதாவது மிதமான பாய்ச்சலுக்குப் போகச் சொன்னால் துள்ளுகிறது. போன வருடம் வரை தங்கமாக இருந்த குதிரை, இப்போது திமிர் பிடித்துவிட்டது."

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. குதிரைகளின் முதுகையும் கால்களையும் பார்ப்பதுதான் என் வேலை. கடைசியாக வந்தது ஒரு டிரஸ்ஸாஜ் குதிரை, அதாவது நுணுக்கமான நடைகளைக் காட்டும் போட்டிச் சவாரிக்குப் பழக்கப்பட்டது. அதற்கும் இதே புகார்தான். சேணத்தை இறக்கச் சொன்னேன். அதன் அடியில் ஜெல் பேட் என்னும் மெத்தை, அதற்கும் கீழே ஆட்டுத்தோல், அதற்கும் கீழே பஞ்சு வைத்துத் தைத்த தடித்த விரிப்பு. மூன்றையும் எடுத்த பிறகு முதுகைப் பார்த்தேன். தோள்பட்டை எலும்புக்குப் பின்னால், முதுகு மேட்டின் இருபுறமும், என் உள்ளங்கை பதியும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. தசை இருக்க வேண்டிய இடம் அது. இடப்பக்கக் குழியின் ஓரத்தில் வெள்ளை முடி முளைத்திருந்தது. விரல் நுனியால் மெல்ல அழுத்தியபடி பின்னோக்கி வந்தேன். சேணத்தின் பின்பகுதி அமரும் இடத்தைத் தொட்டதும் முதுகு சட்டென்று கீழே இறங்கியது, தலை உயர்ந்தது, வால் சுழன்று அடித்தது.

இந்தக் குதிரைக்குத் திமிர் இல்லை. பல மாதங்களாக வலி இருந்திருக்கிறது.

பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவருடைய குழுவினரும் 2018இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகள் அதில் இருக்கின்றன. காதை நெடுநேரம் பின்னோக்கி மடக்கியிருப்பது, வாலை ஓயாமல் அடிப்பது, வாயைத் திறந்தே வைத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் எலும்பு, தசை சார்ந்த வலி இருக்கப் பெரிதும் வாய்ப்பு உண்டு. சாட்டையை எடுப்பதற்கு முன் அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்.

இப்போது பேட் விஷயத்துக்கு வருகிறேன். என்னை அதிகம் கோபப்படுத்துவது இதுதான்.

சேணம் அழுத்துகிறதா, அடியில் மெத்தென்று ஏதாவது போடு என்பதே பலருடைய முதல் யோசனை. காலைக் கடிக்கும் ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டால் கடி குறையுமா? சேணத்தின் உள்ளே கடினமான ஒரு சட்டகம் இருக்கிறது. ட்ரீ என்பார்கள். அதன் முன்வளைவுக்கு என்ன அகலம் இருக்கிறதோ அவ்வளவுதான். அது குதிரையின் தோளுக்குக் குறுகலாக இருந்தால், அடியில் வைக்கும் ஒவ்வொரு பேடும் இருக்கிற இடத்தையும் அடைத்து இன்னும் குறுக்குகிறது. மேலே உட்காருபவருக்கு மெத்தென்று தெரியும். கீழே சட்டகத்தின் இரு முனைகளும் முன்னைவிட அதிகமாகத் தசையைக் கவ்வும்.

"எங்கள் சேணம் அகலம்தான் டாக்டர், அதனால்தான் பேட் போடுகிறோம்" என்று சிலர் வாதாடுவார்கள். ஓரளவுக்கு நியாயம். ஆனால் அகலமான சேணத்தை உயர்த்துவதற்காகப் போடும் தடித்த பேட், சேணத்தை முதுகிலிருந்து விலக்கி ஆட்டம் காண வைக்கிறது. ஆடாமல் இருக்க வயிற்றுப் பட்டையை இன்னும் ஒரு துளை இறுக்குவீர்கள். மூச்சு வாங்கும் நெஞ்சுக்கூட்டை நெரிப்பீர்கள். பேடை மேலே இழுத்து, சேணத்தின் அடியில் முதுகெலும்புக்கு நேராக ஓடும் நடுப்பள்ளத்துக்குள் விடாமல் போட்டால், அது முதுகெலும்பின் மேலேயே இறுகி உட்கார்ந்துவிடும். சேணத்தின் நடுப்பகுதி முதுகைத் தொடாமல் முன்னும் பின்னும் மட்டும் படிகிறது என்றாலும் இதே கதைதான். சீரான தடிமனுள்ள பேட் அந்த இடைவெளியை நிரப்பாது. நான்கு மூலைகளில் இருந்த அழுத்தம் அதே நான்கு மூலைகளில் தொடரும்.

பேடே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓய்வுக்குப் பிறகு தசை மீண்டும் வளர்ந்து வரும் குதிரைக்கு, கொஞ்சம் அகலமான சேணத்தை வைத்து, தேவையான இடத்தில் மட்டும் தகடு செருகும் பேடைத் தற்காலிகமாகப் பயன்படுத்துவது சரியான வழிதான். ஆனால் சேணம் பொருத்தத் தெரிந்தவர் பார்த்துச் செய்ய வேண்டும், சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடியும் பார்க்க வேண்டும். கடையில் பார்த்ததும் வாங்கி வந்து போடுவது வைத்தியம் ஆகாது.

அடுத்தது, சேணத்தை வைக்கும் இடம். நான் பார்க்கும் சேணங்களில் பாதிக்கு மேல் தோள்மீது ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஒருவரைக் குதிரையின் முன்காலைப் பிடித்து முன்னோக்கி நீட்டச் சொல்லிவிட்டு, தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். எலும்பின் மேல்முனை உங்கள் விரலுக்கு அடியில் பின்னோக்கி நகர்ந்து வரும். ஒவ்வொரு அடியிலும் அது நடக்கிறது. சட்டகத்தின் முனை அந்தப் பாதையில் நின்றால், குதிரை ஒவ்வொரு அடியிலும் அதில் இடித்துக்கொள்ளும், பிறகு அடியைச் சுருக்கிக்கொள்ளும். முன்கால் நீளவில்லை என்று பயிற்சியாளர் கத்துவார். டிரஸ்ஸாஜ் சேணத்தில் பக்கத் தோல் நேராகத் தொங்குவதால் தோள் விடுபட்டுவிட்டது என்று நம்பி ஏமாறுகிறார்கள். தோலைப் பார்க்காதீர்கள், அதன் கீழே சட்டகத்தின் முனை எங்கே நிற்கிறது என்று தடவிப் பாருங்கள். சேணத்தைச் சற்று முன்னே வைத்து, முடி போகும் திசையிலேயே பின்னுக்குத் தள்ளுங்கள். தானாக நிற்கும் இடம்தான் அதன் இடம்.

பின்எல்லையும் உண்டு. குதிரைக்கு 18 ஜோடி விலா எலும்புகள். கடைசி விலா எலும்பின் விளிம்பைத் தடவியபடியே முதுகெலும்பு வரை போங்கள். எடை தாங்கும் பகுதி அதற்கு முன்னேயே முடிந்துவிட வேண்டும். அதற்கு அப்பால் இடுப்பு, அதைத் தாங்க விலா எலும்பு இல்லை.

மற்றவை நீங்கள் அறிந்தவைதான், ஆனாலும் யாரும் சரிபார்ப்பதில்லை. முதுகு மேட்டுக்கும் சேணத்தின் முன்வளைவுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும், மேலே மட்டுமின்றிப் பக்கவாட்டிலும், அதுவும் ஆள் ஏறி உட்கார்ந்த பிறகு. நடுப்பள்ளம் முன்னிருந்து பின்வரை மூன்று நான்கு விரல் அகலம் இருக்க வேண்டும். நன்றாக வேலை செய்யும் டிரஸ்ஸாஜ் குதிரை முதுகை உயர்த்தும், அந்த முதுகுக்கு எழ இடம் வேண்டும். இருக்கையின் ஆழமான புள்ளி நடுவில் இருக்க வேண்டும். சட்டகம் குறுகலாக இருந்தால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, உட்காருபவர் பின்னால் சரிவார். அகலமாக இருந்தால் முன்பக்கம் அமிழ்ந்து, அவர் முன்னால் சாய்வார். பக்கத்தில் நின்று பார்த்தாலே இது தெரியும்.

சவாரி செய்பவரைப் பற்றிப் பேசாமல் எழுந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். "எனக்கு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, குதிரைக்குச் சரியாக இருந்தால் போதும்" என்று அன்போடு சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அன்பை மதிக்கிறேன், கணக்கு தவறு. டிராட் என்னும் குலுங்கு ஓட்டத்தில் எழாமல் உட்கார்ந்தபடியே போகும்போது ஒவ்வொரு அடியிலும் முதுகின்மீது இறங்கும் விசை, உச்சத்தில் சவாரி செய்பவரின் எடையைப் போல் இரு மடங்கைத் தாண்டும். சமநிலை இழந்த ஒருவர் அந்த விசையைத் தினமும் ஒரே இடத்தில் இறக்கினால் என்ன ஆகும்? உங்களுக்குப் பொருந்தாத சேணம் குதிரைக்கும் பொருந்தாது.

இருக்கை அளவு 17 அங்குலமா, 17.5ஆ, 18ஆ என்பதை எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. தொடையின் நீளமும் இடுப்பின் அமைப்பும் முக்கியம். உங்களுக்குப் பின்னால் சேணத்தின் பின்விளிம்பு வரை ஏறக்குறைய ஒரு கை அகலம் மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை என்றால் நீங்கள் பின்விளிம்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். என் விரலுக்கு அடியில் அந்தக் குதிரை முதுகை இறக்கிய இடம் அதுதான். கால் வைக்கும் அங்கவடி தொங்கும் கொக்கி முன்னால் தள்ளி இருந்தால் கால் முன்னால் போய்விடும், உடல் நாற்காலியில் உட்கார்ந்த நிலைக்கு வந்துவிடும். காது, தோள், இடுப்பு, குதிகால் ஒரே செங்குத்துக் கோட்டில் வர எவ்வளவு முயன்றாலும் முடியாது. பயிற்சியாளர் திட்டிக்கொண்டே இருப்பார், பிழை சேணத்தில் இருக்கும்.

தொடையைப் பிடித்து நிறுத்தும் பெரிய திண்டுகள் இப்போது மிகவும் விரும்பப்படுகின்றன. அளவாக இருந்தால் உதவும். தொடையைப் பூட்டிவிட்டால் இடுப்பு அசையாது. இடுப்பு அசையாவிட்டால் டிராட்டின் அதிர்ச்சி எங்கே போகும்? நேரே குதிரையின் முதுகுக்குள்தான்.

பெண்களிடம் ஒரு வேண்டுகோள். இருக்கையின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து இடுப்பு மூட்டு நோகும். முன்பக்கம் உயர்ந்திருந்தால் அந்தரங்கப் பகுதியில் உராய்வும் புண்ணும் வரும். நான் மனிதர்களுக்கு மருத்துவம் பார்ப்பவன் அல்லன், ஆனாலும் வலியைத் தவிர்க்க முன்னால் குனிந்தே சவாரி செய்யும் பலரைப் பார்த்திருக்கிறேன். கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருக்காதீர்கள். சேணம் பொருத்துபவரிடம் சொன்னால் வேறு வடிவம் காட்டுவார்.

சில நேரம் இருவருக்கும் ஒத்துவராது. குட்டை முதுகுள்ள குதிரை, நீண்ட தொடையுள்ள ஆள். பக்கத் தோலின் நீளத்தையும் திண்டின் இடத்தையும் மாற்றி ஓரளவு சமாளிக்கலாம். கடைசி விலாவைத் தாண்டி நீளும் சேணத்தை மட்டும் வைக்காதீர்கள். எதுவும் ஒத்துவரவில்லை என்றால் அந்த ஆளுக்கு அந்தக் குதிரை இல்லை. நேர்மையான பதில் அதுதான்.

சேணம் ஒரு பக்கமாகவே சரிகிறதா? உடனே சேணத்தைக் குறை சொல்லாதீர்கள். பின்காலில் இருக்கும் மெல்லிய நொண்டலும் சேணத்தைச் சரிய வைக்கும். நரம்பில் மரத்துப்போகும் ஊசி போட்டு வலியை நிறுத்தியதும் சேணம் நேராக நின்ற குதிரைகளை டைசனின் குழுவினர் பதிவு செய்திருக்கிறார்கள். நடப்பதைப் பார்த்தால் நொண்டல் தெரியாத அளவுக்குச் சிறிதாக இருக்கலாம். ஆகவே முதலில் கால்நடை மருத்துவர் பார்க்கட்டும், பிறகு சேணம் பொருத்துபவர் வரட்டும். இந்த வரிசையை மாற்றிச் செலவழித்தவர்கள் இரண்டு முறை செலவழிக்கிறார்கள்.

வாங்கும்போது பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். விலை உயர்ந்த சேணம் உங்கள் குதிரைக்கு அகலம் குறைவு என்றால் அது அகலம் குறைவுதான். கடையில் மரக்கட்டைமேல் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் குதிரைமேல், மெல்லிய விரிப்பு ஒன்றோடு, நடை, டிராட், கேன்டர் மூன்றையும் இரு பக்கமும் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஓட்டும் முன்னும் பின்னும் முதுகை அழுத்திப் பாருங்கள். வியர்வைக்கு நடுவில் உலர்ந்த திட்டு இருந்தால், அங்கே அதிக அழுத்தம் இருக்கலாம், அல்லது சேணம் தொடவே இல்லை என்றும் இருக்கலாம். இரண்டையும் விரலால்தான் பிரித்தறிய முடியும். பழைய சேணம் வாங்குவதாக இருந்தால் உள்சட்டகம் முறுக்கியிருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேலே தோல் பளபளவென்று இருக்கலாம்.

வாங்கியதோடு முடியவில்லை. சேணத்தின் அடியில் முதுகைத் தொடும், கம்பளி அடைத்த பேனல் அமுங்கும், கட்டி தட்டும். குதிரையின் முதுகும் மாறிக்கொண்டே இருக்கும். பயிற்சி கூடினால் அகலும், ஓய்வெடுத்தால் வற்றும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்கச் சொல்லுங்கள். வளரும் இளம் குதிரைக்கும் காயத்திலிருந்து திரும்பும் குதிரைக்கும் மூன்று மாதமே அதிகம். சென்ற ஆண்டு பொருந்தியது என்ற வாதத்தை என்னிடம் கொண்டுவராதீர்கள்.

புதிய சேணம் வைத்த மறுநாளே குதிரை மாறிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. வற்றிய தசை நிறையப் பல மாதங்கள் ஆகும். வெள்ளை முடி பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். வலி போன பிறகும் பட்டையைக் கையில் எடுத்தால் குதிரை காதை மடக்கும், ஏனென்றால் அதற்கு நினைவிருக்கிறது. அப்போது அடிக்காதீர்கள். பட்டையை ஒரே இழுப்பாக இழுக்காமல், ஒவ்வொரு துளையாக, நடுவில் நாலு அடி நடக்க விட்டு இறுக்குங்கள். சில வாரங்களுக்கு ஏறாமல் நீண்ட கயிற்றில், தலையைத் தாழ்த்தி முதுகை நீட்டி நடக்க விடுங்கள். நான் மறுபடியும் வந்து அழுத்திப் பார்த்துச் சொன்ன பிறகு ஏறுங்கள்.