உப்புக் காற்றும் பிரேக் சத்தமும்

உப்புவெளியில் கடலுக்குப் பக்கத்தில் இரவு முழுக்க நின்ற கார், விடியக் கிளம்பும்போது முதல் பிரேக்கில் 'கர்ர்' என்று உரசும். திருகோணமலையில் கார் வைத்திருப்பவர்களுக்குப் பழகிய சத்தம். உப்புக் காற்றும் ஈரமும், சில்லோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டான டிஸ்க்கில் ஒரே இரவில் மெல்லிய துருவைப் படியவைத்துவிடும். நாலைந்து தடவை பிரேக் பிடித்தால், டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேட் அதைத் துடைத்துவிடும், சத்தமும் போய்விடும்.

போகாவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

1200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நின்றால், பிரேக்கில் பிறக்கும் வெப்பம் அரை லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அவ்வளவும் டிஸ்க்கும் பேட்டும் உரசுகிற அந்தச் சின்ன இடத்தில். அங்கே பேட் ஒரு கணம் பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இப்படி அதிர்ந்தால் டிஸ்க் மணிபோல ஒலிக்கத் தொடங்கும். கரும்பலகையில் வெண்கட்டி கீச்சிடுவதும் இதனால்தான். வெண்கட்டியைச் சரித்துப் பிடித்தால் சத்தம் அடங்கும் அல்லவா? பேட்டின் விளிம்பைச் சரிவாக அராவுவதும் அதே காரணத்துக்காகத்தான். பேட்டின் முதுகில் வரும் மெல்லிய தகடு மிச்ச அதிர்வை வாங்கிக்கொள்ளும். பழைய தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய பேட்டை மட்டும் போட்டால் கீச்சு திரும்பி வரலாம்.

பல பேட்களில் ஒரு சின்ன இரும்பு நாக்கு உண்டு. பேட் தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீற்றர் மட்டும் மிஞ்சியதும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்து வருவது இரும்பை இரும்பு அரைக்கும் சத்தம். அப்போது காரை ஓட்டவே கூடாது.

போன மாரியில் என் காரில் பிரேக் மிதிக்காதபோதும் ஒரு முனகல். நிலாவெளி மணல் ஏதும் சிக்கியிருக்கும் என்று நினைத்தேன். ஓடிவிட்டு வந்து சில்லுகளுக்குப் பக்கத்தில், தொடாமல், உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தேன். இடது முன்சில்லு மட்டும் அனலடித்தது. கராஜில் கழற்றியபோது உட்பக்கப் பேட் கடதாசிபோலத் தேய்ந்திருந்தது, வெளிப்பேட்டில் பாதிக்கு மேல் மிச்சம். பேட்களை டிஸ்க்கோடு அழுத்தும் கலிப்பர் நகர வேண்டிய ஊசி துருப்பிடித்து இறுகி, சுத்தியலால் தட்டித்தான் வெளியே வந்தது. ஊசியைச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் சிலிக்கோன் கிறீஸ் பூசினோம். சாதாரண கிறீஸ் அங்கே உள்ள ரப்பரை ஊதவைத்துவிடும். முன்சில்லு இரண்டுக்கும் பேட் மாற்றினோம். அப்புறம் அதிகாலையில் வெறிச்சோடிய வீதியில் மிதமாகப் பிடித்துவிட்டு, ஆறவிட்டு, மறுபடி பிடித்துப் பேட்டைப் பழக்கினேன். சத்தம் வரவில்லை.