மணற்கல்லில் அஷ்டமி

மேலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் அடுப்படி மேடை கிரானைட்டில் அலை அலையாகக் கோடு ஓடுகிறது. மதுரை ஒரு காலத்தில் கடலாக இருந்ததா?"

அந்த அலைக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறை வெந்து, பாதி உருகி, குழைந்ததால் வந்த வரி அது. பழைய கடலைப் பார்க்க அரியலூர் போக வேண்டும். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்துச் சிப்பிகள் அங்கே சுண்ணாம்புக்கல்லில் குவியல் குவியலாகக் கிடக்கின்றன.

சிப்பி இருந்தால் எவரும் கடல் என்று சொல்லிவிடுவார். வெறும் மணற்கல்லில்? மணல் வரிகளைப் பார்க்க வேண்டும். வரியின் இரு பக்கமும் ஒரே சரிவென்றால் அலை முன்னும் பின்னும் ஆட்டியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் செங்குத்தென்றால் நீர் ஒரே திசையில் ஓடியிருக்கிறது. இந்த இரண்டாவதை வைகையில் தண்ணீர் வடிந்த மறுநாள் பார்க்கலாம், மணலை விட்டுவைத்திருந்தால்.

எனக்கு மிகவும் பிடித்தது ஓதத்தின், அதாவது கடல் தினமும் ஏறி இறங்குவதன் கணக்கு. கழிமுகத்தில் கடல் ஏறும்போது வேகமான நீர் மணலைத் தள்ளிச் சரிவாகப் படியவைக்கும். ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்குமுன் நீர் சற்று நேரம் அசையாமல் நிற்கும். கலங்கலில் மிதந்த சேறு அந்த இடைவெளியில்தான் இறங்கி, மணல்மேல் மெல்லிய கறுப்புப் படலமாகப் படியும். இறக்கத்தில் எதிர்த்திசையிலிருந்து கொஞ்சம் மணல் வரும். மறுபடி நீர் நிற்கும், மறுபடி சேறு. இப்படி ஜோடி ஜோடியாகச் சேற்றுக்கோடு விழுந்திருந்தால் அது ஆற்றின் வேலை அல்ல.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் வலுக்கும், மணல் தடிக்கும். அஷ்டமி கழிந்து ஓரிரு நாளில் கடல் சோம்பும். மணல் மெலிந்து சேற்றுக்கோடுகள் நெருங்கும். நாளுக்கு இரண்டு ஓதம் வரும் கரையில், ஒரு தடிப்பிலிருந்து அடுத்த தடிப்புவரை எண்ணினால் சுமார் 28 அடுக்கு, அதாவது ஒரு பட்சம். அஷ்டமியில் நல்ல காரியம் கூடாது என்பதை நான் நம்புவதில்லை. ஆனால் அந்த வாரத்துக் கடலின் மந்தம் கல்லில் விரல் வைத்துக் காட்டும்படி இருக்கிறது.

தென் ஆஸ்திரேலியாவில் 60 கோடி ஆண்டுகளுக்கும் பழைய இத்தகைய படிவுகளை எண்ணிய புவியியலாளர் ஜார்ஜ் வில்லியம்ஸ், அன்று ஆண்டுக்குச் சுமார் 400 நாள், நாளுக்குச் சுமார் 22 மணி நேரம் என்று கணித்தார். ஓதத்தின் உராய்வு பூமியின் சுழற்சியை அன்றிலிருந்து மெதுவாக்கிக்கொண்டே வருகிறது.

நம் ஊரில் சிப்பி கிடைத்தாலே குமரிக்கண்டம் என்று கூட்டம் போடுகிறோம். அரியலூரில் சிமென்ட்டுக்காக வெட்டிய சுரங்கச் சுவர்களில் பழைய படிவு அடுக்குகள் திறந்து கிடக்கின்றன. அடுத்த வெடி வைப்பதற்குள் கல்லூரிப் பிள்ளைகளை அனுப்பி, அடுக்கடுக்காக அளந்து வரையச் சொல்லலாம். பேருந்துக் காசும் மதியச் சாப்பாடும்தான் செலவு. அதற்குத்தான் எந்த நிதியிலும் தலைப்பு இல்லை.