ஃபியூஸ்: உருகியா, திரியா, தூண்டியா?

‘ஃபியூஸ் போயிடுச்சு’ என்றால் எல்லாருக்கும் கரண்ட் ஃபியூஸ்தான் ஞாபகம் வரும், அதற்கு ‘உருகி’ என்ற நல்ல தமிழ்ச்சொல்லும் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் பழைய பீரங்கிக் குண்டின் மூக்கில் திருகியிருக்கும், குண்டை வெடிக்கவைக்கும் பித்தளைக் கூம்புக்கும் ஃபியூஸ் என்றுதான் பெயர், அதையும் உருகி என்று மொழிபெயர்த்து வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது, ஏனென்றால் அங்கே எதுவும் உருகுவதில்லை.

இரண்டும் உச்சரிப்பில் ஒன்று, வேரில் வேறு. மின்சார ஃபியூஸ் லத்தீனில் உருக்குதலைக் குறிக்கும் ‘ஃபண்டேரே’ வழியாக வந்தது. வெடிகுண்டு ஃபியூஸ், நூல் நூற்கும் கதிரைக் குறிக்கும் ‘ஃபூசுஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து இத்தாலியின் ‘ஃபூசோ’ வழியாக வந்தது. நூற்கும் கதிருக்கும் குண்டுக்கும் என்ன சம்பந்தம்? பழைய குண்டுகளில் மருந்து அடைத்த மரக்குழாய் ஒன்றைச் செருகுவார்கள், ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் கூம்பிப் பார்க்க அப்படியே நூற்புக் கதிர்போல இருக்கும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் படைத்துறையினர் கடைசியில் எஸ்ஸுக்குப் பதில் இசட் போட்டு எழுதுவது இந்தப் பொறியைத் தனியாகக் காட்டத்தான்; எரிந்துகொண்டே போகும் கயிறு எஸ்ஸோடு நிற்கிறது. அந்தக் கயிற்றுக்கு நம்மிடம் ‘திரி’ இருக்கிறது, அதில் குழப்பமே இல்லை.

அப்போ இந்தப் பொறிக்கு? ‘வெடிதூண்டி’ என்பதுதான் என் பரிந்துரை. தூண்டுதல் என்றால் முதலில் விளக்குத் திரியை ஏற்றிவிடுவது, தூண்டுகோல் என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான், ஆக திரியோடு உள்ள பழைய உறவும் விட்டுப்போகாது. ஜெர்மன்காரர்கள் ‘ட்சுண்டர்’, அதாவது பற்றவைப்பது, என்கிறார்கள். அவர்களும் வடிவத்தை விட்டுவிட்டு வேலையைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பழைய தூண்டிகளைச் சேகரிப்பவர்களுக்கு இந்தச் சொல்லே முதல் துப்பு. தூண்டியின் உடம்பில் ‘டாப். இசட்’ என்று சுருக்கமாகப் பொறித்திருந்தால் அது ‘டாப்பெல்ட்சுண்டர்’, நேரத்துக்கும் வெடிக்கும், மோதினாலும் வெடிக்கும் ஜெர்மன் இரட்டைத் தூண்டி. பிரிட்டன் தூண்டி என்றால் 80, 106 மாதிரி ஒரு எண், பக்கத்தில் ரோமன் எண்ணில் வடிவமைப்பின் மாற்றம், அப்புறம் தயாரித்தவரின் முதலெழுத்துகள், தேதி. ஆர், எல் இரண்டுக்கும் நடுவே அம்புக்குறி இருந்தால் லண்டன் வூல்விச்சில் இருந்த அரசு வெடிபொருள் ஆலையான ராயல் லேபரட்டரி. வி.எஸ்.எம் என்றால் விக்கர்ஸ், சன்ஸ் அண்ட் மாக்சிம் என்ற பிரிட்டிஷ் ஆயுத நிறுவனம். இந்த மூன்றெழுத்து எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அந்த நிறுவனத்துக்கு 1897 முதல் 1911 வரைதான் அந்தப் பெயர், தேதி தேய்ந்துபோயிருந்தாலும் காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். அந்த 80ஆம் எண் தூண்டியே ஜெர்மனியின் க்ரூப் நிறுவனத்தின் காப்புரிமையை முதல் உலகப் போருக்கு முன்பே விக்கர்ஸ் உரிமம் வாங்கிச் செய்தது, அதனால் எழுத்தைப் பார்க்காமல் உருவத்தை மட்டும் வைத்து நாட்டை முடிவு செய்தால் தப்பாகிவிடும்.

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் பொருட்களில் நிறுவனப் பெயரையே தேடாதீர்கள். எந்தத் தொழிற்சாலை என்று எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதால் இரண்டு மூன்று சின்ன எழுத்துகளில் குறியீடு போட்டார்கள். துப்பாக்கிகளில் வரும் ‘பி.ஒய்.எஃப்’ ஓபர்ன்டார்ஃபின் மவுசர் ஆலையைக் குறிப்பது இப்படித்தான்.

தயவுசெய்து பாலிஷ் போட்டு மினுக்காதீர்கள், ஆழமில்லாத எழுத்து அதோடு போய்விடும். சாய்வாக வெளிச்சம் விழவைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தாலே போதும்.

இன்னொரு சொல் ‘இனர்ட்’, இனி வெடிக்காது என்று காட்ட இந்தப் பொருட்களில் எழுதுவது. இதைச் ‘செயலற்ற’ என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை, வெடிக்காமல் மண்ணில் கிடக்கும், இன்னும் மருந்து உள்ள தூண்டியும் பார்வைக்குச் செயலற்றதுதானே. ‘வெடிமருந்து நீக்கிய’ என்று எழுதினால் என்ன செய்யப்பட்டது என்பது தெளிவாகத் தெரியும். மேலே சொன்ன எந்தப் பொறிப்பும் யார், எப்போது செய்தார்கள் என்று சொல்லுமே தவிர, உள்ளே மருந்து இருக்கிறதா என்று சொல்லாது. ‘இனர்ட்’ என்று யார் வேண்டுமானாலும் பெயின்டால் எழுதிவிடலாம். நீக்கியதற்கு நம்பகமான சான்று இல்லையென்றால் திருகவோ தட்டவோ வேண்டாம், தொடாமல் விலகி நின்று போலீசுக்கோ வெடிகுண்டு அகற்றும் பிரிவுக்கோ தகவல் சொல்லுங்கள்.