"தசராவுக்கா அண்ணாச்சி?" என்று கேட்காதீர்கள்

புரட்டாசி பிறந்துவிட்டால் திருநெல்வேலி வட்டாரத்து ஃபேன்சி ஸ்டோர்களில் ஆண்கள் கூட்டம் பெருகிவிடும். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேடம் போடுவதாக நேர்ந்துகொண்டவர்கள் அவர்கள். காளி வேடத்துக்கு 41 நாள் விரதம் இருப்பவர், குறத்தி வேடம் போடுபவர், சேலை கட்டிப் பெண்ணாகக் காணிக்கை எடுக்கப் போகிறவர் என எல்லாரும் லிப்ஸ்டிக், கண் மை, வளையல், சவுரி முடி எல்லாவற்றையும் உரத்த குரலில் கேட்டு வாங்குவார்கள். மீசையை முறுக்கி விட்டிருக்கும் ஒருவர் கண்ணாடியில் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, "இந்தச் சிவப்பு எடுப்பாக இருக்கிறதா தங்கச்சி?" என்பார். கடைப் பெண்கள் அக்கறையாகப் பதில் சொல்வார்கள். ஒருவர்கூடச் சிரிக்க மாட்டார்.

எங்கள் மண்ணுக்கு இது புதிதும் இல்லை. சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களில் கணியான் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அண்ணாவி எனப்படும் தலைமைப் பாடகர் பாட, மகுடம் என்ற தோல் வாத்தியம் முழங்க, சேலை கட்டிச் சலங்கையோடு ஆடுகிற இருவரும் ஆண்கள் என்பது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். ஆண் முகத்தில் பெண் ஒப்பனையைப் பார்ப்பது நமக்குப் பழகிய காட்சி.

தசரா முடிந்து தை, மாசியில் ஓர் ஆண் தனியாக வந்து அதே லிப்ஸ்டிக்கைக் கேட்கும்போதுதான் கடையின் முகம் மாறுகிறது. இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருத்தி ஸ்டாக் ரூமுக்குள் போய்ச் சிரித்துவிட்டு வருகிறாள். இன்னொருத்தி, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே, "தசராவுக்கா அண்ணாச்சி?" என்று கேட்டுவிடுகிறாள். அவரும் தலையாட்டிவிடுகிறார். தசராவுக்கு இன்னும் ஏழெட்டு மாதம் இருக்கிறது என்பது கேட்டவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அழகுக்கலை படித்து, இந்தத் தொழிலில் இருந்துகொண்டு, கவுன்டரில் நிற்கும் பெண்களுக்குப் பயிற்சியும் கொடுப்பவள் நான். அந்த ஒரு கேள்வியால் வரும் கெடுதலைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். மனம் நோகும் என்பது ஒரு பக்கம். அதே அளவுக்கு முக்கியமான இன்னொன்று, அந்தக் கேள்வி அவருக்குத் தவறான பொருளை வாங்கிக் கொடுத்துவிடுகிறது. தசரா என்று சொன்னதும் கடைப் பெண் எடுத்து வைப்பது மேடை ஒப்பனைப் பொருள்: கனமான பான்கேக், முத்துவெள்ளை, பளீரென்ற சிவப்பு. இரவு வெளிச்சத்தில், தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்காக ஆனவை அவை. இவருக்கு வேண்டியதோ வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்துவிட்டுக் கழுவிவிட ஏற்ற மெல்லிய ஒப்பனை. பொய் சொல்ல வைத்துவிட்டு, அந்தப் பொய்க்குப் பொருத்தமான பொருளையும் அவர் தலையில் கட்டி அனுப்புகிறோம். மறுநாள் முகம் எரிகிறது என்றால் திரும்பி வந்து கேட்கவும் அவரால் முடியாது.

இப்படி வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரியானவர்கள் இல்லை. திருநங்கையர் உண்டு. இன்னும் வெளியே சொல்லாத திருநங்கையர் உண்டு. ஆணாகவே வாழ்ந்து, மனைவி மக்களோடு இருந்து, எப்போதாவது பெண் உடையும் ஒப்பனையும் அணிந்தால் மனம் நிறைகிறவர்களும் உண்டு. அவர்களை அந்த உடையை வைத்தே திருநங்கை என்றோ தன்பாலீர்ப்பாளர் என்றோ முடிவு கட்டக் கூடாது. மனைவியே கூட வந்து நிறம் பார்த்து எடுத்துக் கொடுத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். யார் எந்த வகை என்று கண்டுபிடிப்பது கவுன்டரில் நிற்பவரின் வேலை கிடையாது. பெண் உடை அணிவதும் மை தீட்டுவதும் குற்றமும் கிடையாது. உடையாலும் பேச்சாலும் நடையாலும் ஒருவர் தம் பாலினத்தை வெளிப்படுத்துவது அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமைக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா வழக்கில் தீர்ப்பளித்தது. பொதுமக்களுக்கான பொருளையும் சேவையையும் திருநர்களுக்கு மறுப்பதை 2019-ஆம் ஆண்டுத் திருநர் (உரிமைகள் பாதுகாப்பு) சட்டம் தடை செய்கிறது. கடை நடத்துகிறவர்கள் இவற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சரி, என்ன கேட்கலாம்? எவ்வளவு நேரம் முகத்தில் இருக்க வேண்டும், பகல் வெளிச்சத்திலா விளக்கு வெளிச்சத்திலா, எண்ணெய் வடியும் தோலா வறண்ட தோலா, எதற்காவது முன்பு அலர்ஜி வந்திருக்கிறதா, சவரம் தினமுமா வாரம் இருமுறையா. இவ்வளவு போதும். எந்தப் பெண் வந்தாலும் கேட்கிற கேள்விகள்தான். சவரம் ஒன்றுதான் கூடுதல்.

கையில் துண்டுச் சீட்டோடு வந்த ஒருவர் நினைவுக்கு வருகிறார். நாற்பதைத் தாண்டியவர். "வீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்" என்று சீட்டை நீட்டினார். ஃபவுண்டேஷன் என்ற சொல்லை இரண்டு முறை அடித்துத் திருத்தி எழுதியிருந்தார். "அவர்கள் என்ன நிறம்?" என்று கேட்டேன். சற்று யோசித்து, "என்னை மாதிரிதான்" என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் தாடையைப் பார்த்து, பொருந்தும் என்று தோன்றிய இரண்டு ஷேடுகளைச் சிறிய டப்பாக்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கொடுத்தேன். "பகலில், ஜன்னல் ஓரமாக, தாடை ஓரத்தில் தடவிப் பத்து நிமிடம் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள் சார். எது தோலோடு கலந்து மறைகிறதோ அதுதான் சரியானது" என்றேன். அடுத்த வாரம் வந்தார். இந்த முறை சீட்டு இல்லை. கண்ணாடி இருந்த பக்கம் அவரே போய் நின்றார். "தாடிப் பக்கம் மட்டும் சாம்பல் மாதிரி தெரிகிறது, அதற்கு என்ன செய்வது?" என்று கேட்டார்.

நான் கடைப் பெண்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதும் அதைத்தான். மழித்த பிறகும் முடியின் அடி தோலுக்குள் இருந்துகொண்டு நீலம் கலந்த சாம்பலாகத் தெரியும். அதன் மேல் ஃபவுண்டேஷனை எத்தனை அடுக்கு பூசினாலும் சாம்பல் மறையாது. முகம்தான் கனத்துப்போகும். நிறச் சக்கரத்தில் நீலத்துக்கு எதிரே இருப்பது ஆரஞ்சு. ஆகவே முதலில் அந்த நீலச் சாயலை அடக்கும் ஆரஞ்சு கரெக்டர். சிவந்த தோலுக்குப் பீச் நிறம், மாநிறத்துக்கு ஆரஞ்சு, கறுத்த தோலுக்குச் செம்மை கூடிய ஆரஞ்சு. நிழல் தெரியும் இடத்தில் மட்டும், மெல்லிசாக விரலால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. அது சற்று உலர்ந்ததும் ஃபவுண்டேஷன், அதன்மேல் பவுடர். கரெக்டர் கிடைக்காவிட்டால் பளபளப்பில்லாத ஆரஞ்சு லிப்ஸ்டிக்கைத் துளி தொட்டு ஒற்றியும் சமாளிக்கலாம்.

இதில் பாதி வேலை சவரத்திலேயே இருக்கிறது. வெந்நீரில் முகத்தை நனைத்து, முடி வளர்ந்த திசையிலேயே மழிக்க வேண்டும். வழவழப்பு வேண்டும் என்று எதிர்த்திசையில் இழுத்து இழுத்து மழித்தால், சுருண்ட முடி உள்ள தோலில் முடி உள்நோக்கி வளர்ந்து கொப்புளம் கிளம்பும். அந்த மேட்டை எந்த ஒப்பனையும் மறைக்காது. சவரம் முடிந்த கையோடு ஸ்பிரிட் கலந்த ஆஃப்டர் ஷேவ் வேண்டாம், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் போதும். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும் என்பதால் அரை மணி நேரமாவது விட்டுத்தான் ஒப்பனையைத் தொடங்க வேண்டும். ஆண்களின் தோலில் எண்ணெய்ச் சுரப்பு பொதுவாகவே கூடுதல். நம் ஊர்ச் சித்திரை வெயிலும் சேர்ந்தால் நெற்றியிலும் மூக்கிலும் போட்டது அரை மணியில் வழிந்துவிடும். ஒப்பனைக்கு முன் அடியில் பூசும் எண்ணெயில்லாத பிரைமரை அந்த இரண்டு இடத்தில் மட்டும் தடவினால் நிற்கும்.

ஷேடு விஷயத்தில் கடைக்காரர்களிடம் எனக்கு ஒரு கோபம் உண்டு. இங்கே அலமாரியில் முன்னால் அடுக்கியிருப்பவை பெரும்பாலும் வெளுத்த ஷேடுகள். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நம் முகங்களில் எத்தனை அழகான கறுப்பும் மாநிறமும் இருக்கின்றன! கூச்சத்தோடு வருகிறவர், கையில் கொடுத்ததை மறுபேச்சில்லாமல் வாங்கிப் போவார் என்பதற்காக விற்காமல் கிடக்கும் வெள்ளை ஷேடை அவரிடம் தள்ளிவிடுவது அநியாயம்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல வேலைக்குப் போக வேண்டியவருக்கு ஒப்பனை போடத் தெரிந்தால் மட்டும் போதாது, சுவடில்லாமல் எடுக்கவும் தெரிய வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு அவர்கள் கேட்காமலே போய்விடும் விஷயம் இதுதான், நாமாகவே சொல்லிவிட வேண்டும். தண்ணீரில் கரையாத காஜல் சோப்புக்குப் போகாது. இமை முடியின் அடியில் மெல்லிய கோடாகத் தங்கிவிடும். எண்ணெய் கலந்த மேக்கப் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து, மூடிய கண்மேல் சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு கீழ்நோக்கித் துடைத்தால் வந்துவிடும். பிறகு மென்மையான ஃபேஸ் வாஷ். கெட்டியாக நிற்கும் லிப்ஸ்டிக்குக்கும் இதே முறைதான். அடர்ந்த நிற நகப்பூச்சு நகத்தில் மஞ்சள் கறையை விட்டுவிடும், அடியில் நிறமற்ற பேஸ் கோட் ஒன்று போட வேண்டும். ஜிகினா மட்டும் வேண்டவே வேண்டாம் என்பேன், ஒரு துணுக்கு எங்கேயாவது ஒட்டிக்கொண்டே இருக்கும். புருவம் திருத்திவிடச் சொல்லிக் கேட்டால், நூல் போட்ட புருவம் வளர வாரக் கணக்கில் ஆகும் என்பதை முன்பே சொல்லுங்கள். மேல்நோக்கிச் சீவி, ஐப்ரோ ஜெல்லால் படிய வைத்தாலே கண் திறந்து தெரியும்.

கடையிலிருந்து எதுவும் கசியக் கூடாது. பில்லுக்கு மொபைல் எண் கேட்டு வற்புறுத்தாதீர்கள். நீங்கள் அனுப்பும் சலுகைக் குறுஞ்செய்தியை அவர் வீட்டில் யார் படிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. ஒப்பனைக்கு முன், பின் என்று படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவது, முகத்தை மறைத்தாலும் வேண்டாம். ரத வீதியில் அவரைக் குடும்பத்தோடு பார்த்தால், அவர் பேசாத வரை நாமும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. சிலர் கடைக்குள் இருக்கும்போது தம்மை அக்கா என்று கூப்பிடச் சொல்வார்கள், அப்படியே கூப்பிடுங்கள். ஒன்றும் சொல்லாதவரை சார் என்றோ அண்ணாச்சி என்றோ வழக்கம்போல அழைக்கலாம்.

டெஸ்டர் லிப்ஸ்டிக்கை நேரே உதட்டில் வைக்க யாரையும் விடாதீர்கள். உதட்டில் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ் கிருமி அப்படிப் பரவக்கூடும். ஒவ்வொருவருக்கும் புதிய கையுறை, புதிய பஞ்சுக் குச்சி, புதிதாகச் சீவிய பென்சில்; யார் வந்தாலும் இதுதான் முறை.

எனக்கு உண்மையிலேயே பயம் தருபவை மறைவாக வாங்கப்படும் பொருட்கள். கடையில் கேட்க வெட்கப்படுகிறவர் ஏதோ ஒரு வெள்ளையாக்கும் கிரீமை ஆன்லைனில் தருவித்துவிடுகிறார். டப்பாவில் தயாரிப்பாளர் முகவரி இருக்காது, உரிம எண் இருக்காது. இத்தகைய கிரீம்களில் பாதரசம் கலந்திருப்பது உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கிறது, அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள், கண் பகுதிக்கான பொருட்களைத் தவிர மற்றவற்றில் தவறிக் கலக்கும் பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது என்கின்றன. மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கிரீமை முகத்துக்குப் பூசுவது இன்னொரு ஆபத்து. முதல் சில நாட்கள் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு வெடிக்கும். முகத்தில் முடி வளர்ச்சியைக்கூட அது தூண்டக்கூடும். தாடி நிழலை மறைக்கப் பாடுபடுகிறவருக்கு இதைவிடக் கெடுதல் என்ன வேண்டும்? தோல் மென்மையாகும் என்று யாரோ சொன்னதை நம்பிக் கருத்தடை மாத்திரை விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதிலிருக்கும் ஹார்மோன் இரத்தக் குழாய்க்குள் இரத்தத்தை உறைய வைக்கும் அபாயம் கொண்டது. ஹார்மோன் வேண்டும் என்பவர் அதை மருத்துவரின் கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும். கவுன்டரில் இதைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில், டாக்டரைப் பாருங்கள் என்பதுதான்.

புதிய பொருள் எதையும் முகத்தில் போடும் முன் முழங்கை மடிப்பின் உட்புறம் தடவி 24 முதல் 48 மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். அதையும் மீறி முகம் வீங்கினாலோ கொப்பளித்தாலோ உடனே கழுவிவிட்டு, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவிலோ அருகில் உள்ள தோல் மருத்துவரிடமோ காட்ட வேண்டும். போகும்போது அந்த டப்பாவையும் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். வெயிலில் போனேன், எதுவோ கடித்துவிட்டது என்றெல்லாம் சொன்னால் மருத்துவர் வேறு எதற்கோ மருந்து எழுதுவார். "இதை முகத்தில் பூசினேன், இவ்வளவு நேரம் வைத்திருந்தேன்" என்று சொன்னால் போதும். எதற்காகப் பூசினீர்கள் என்று தெரியாமலே அவரால் வைத்தியம் பார்க்க முடியும்.